க்ரிப்: கல்யாணப் பந்தியில் அடங்கிவிடும் ஒரு நகராட்சி

வெள்ளி இரவு, கிறிஸ்டியன்சுண்ட்

நார்வேயின் ட்ரொன்ட்ஹெய்மில் காலையில் ஏறிய பஸ் மதியத்துக்கு மேல்தான் இங்கே கொண்டுவந்து விட்டது. நடுவில் ஹால்சா என்ற இடத்தில் பஸ்ஸே படகில் ஏறி ஃபியோர்டை, அதாவது நிலத்துக்குள் நீளும் கடல் கையை, கடந்து, அக்கரையில் கனெஸ்ட்ராமில் இறங்கி, மறுபடி ரோட்டைப் பிடிக்கிறது. அதன் பிறகு பாலங்கள், கடைசியில் கடலுக்கு அடியில் 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் சுரங்கப்பாதை. இதெல்லாம் 1992ல் வந்தவை. அதுவரை கிறிஸ்டியன்சுண்டுக்குத் தரைவழியே கிடையாது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் படகுதான்.

இன்று மாலையே க்ரிப் தீவுக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். துறைமுகத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: வெளிக்கடலில் அலை அதிகம், இன்று படகு இல்லை. ஊருக்குள் நல்ல வெயில், காற்றுகூட இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் கேட்டேன். "இங்கே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே படகைக் கரையில் கட்டுவதுதான் பிரச்சினை" என்றார். ஜூலையிலேயே இப்படி என்றால் ஜனவரியில் என்ன கதி என்று அப்போதே கொஞ்சம் புரிந்தது.

சரி, ஊரையாவது சுற்றுவோம் என்று சுண்ட்போட்டனில் ஏறினேன். கிறிஸ்டியன்சுண்ட் பல தீவுகளில் உட்கார்ந்திருக்கும் ஊர். துறைமுகத்தைச் சுற்றி நான்கு கரைகள். அவற்றுக்கிடையே சுற்றிச் சுற்றி வரும் சின்னப் படகு இது. 1876ல் இருந்து ஓடுகிறது. உலகத்திலேயே விடாமல் ஓடும் மிகப் பழைய பொதுப் போக்குவரத்து இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நான் ஏறியபோது மார்க்கெட் பையோடு இரண்டு பாட்டிகள், சைக்கிளோடு ஒரு பையன், அப்புறம் நான். அவ்வளவுதான் கூட்டம்.

இந்த ஊரை வளர்த்தது காட் மீன். மீனைப் பிளந்து, முள்ளெடுத்து, உப்பில் அடுக்கி, பிறகு கரையோரப் பாறைகளில் பரப்பிக் காயவைப்பார்கள். அதுதான் க்லிப்ஃபிஸ்க். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாப்பே இப்பெஸ் என்ற டச்சுக்காரர் இங்கே அந்தத் தொழிலைத் தொடங்கினார். 1742ல் ஊருக்கு நகர அந்தஸ்து கிடைத்தது. பாறையில் மீனைப் பரப்புவதும், மழை வந்தால் ஓடிப்போய் அள்ளுவதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. துறைமுகத்தில் அவர்களுக்கு ஒரு சிலை இருக்கிறது. மீன் போன இடங்கள் ஸ்பெயினும் போர்ச்சுகலும். அங்கிருந்து திரும்பி வந்தது தக்காளி, வெங்காயம், ஆலிவ் எண்ணெய் போட்டுச் செய்யும் பக்கலாவ். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதையே வாங்கினேன். காரம் எனக்குப் போதவில்லை. மற்றபடி குறையில்லை.

ஊரில் பழைய வீடுகள் குறைவு. 1940 ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் விமானங்கள் நாலைந்து நாள் விடாமல் குண்டு போட்டதில் நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் எரிந்துவிட்டது. இப்போது தெரிவதெல்லாம் போருக்குப் பின் கட்டியவை.

சனி, க்ரிப்

இன்று படகு கிளம்பியது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடமே படகில் பேச்சு நின்றுவிட்டது. முன் பெஞ்சில் இருந்த ஜெர்மன் குடும்பம் கண்ணை மூடிக்கொண்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உதவும் என்று யாரோ சொன்ன ஞாபகம். ஓரளவு உதவியது.

ஊரிலிருந்து 14 கிலோமீட்டர். முதலில் தெரிவது கலங்கரை விளக்கம். 1888ல் கட்டியது, 47 மீட்டர் உயரம், நார்வேயின் மிக உயரமான விளக்கங்களில் ஒன்று. அது ஊர் இருக்கும் தீவில் இல்லை, பிராட்ஹோர்ஸ்கொல்லன் என்ற தனிப் பாறையில் நிற்கிறது. காவலர்கள் இருந்தார்கள், 1977ல் தானியங்கியாக மாற்றினார்கள். அதற்கப்புறம்தான் வீடுகள் தெரிகின்றன. தண்ணீருக்கு மேல் தீவு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, வீடுகள் மட்டும் கடலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. மொத்தம் எண்பதுக்கு மேற்பட்ட தீவுகளும் பாறைகளும். எல்லாவற்றையும் கூட்டினாலும் அரைச் சதுர கிலோமீட்டர் தேறாது. அதில் ஆட்கள் குடியிருந்தது ஒன்றில்தான்.

இந்த இடம் 1897 ஜனவரி 1 முதல் 1963 டிசம்பர் 31 வரை தனி நகராட்சி. கொம்யூன் என்கிறார்கள். பரப்பளவிலும் சரி, மக்கள்தொகையிலும் சரி, நார்வேயிலேயே மிகச் சிறியது. தொடங்கும்போது 200க்குச் சற்றுக் குறைவான ஆட்கள், முடியும்போது 104 பேர். நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரும் கூட்டம்கூட இல்லை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் இங்கே வர ஆசை.

இறங்கியதும் வழிகாட்டிப் பெண் எங்களை நேரே தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். வீடுகளுக்கு நடுவே ஆள் ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் சந்து. கடல் பக்கம் பார்த்து யாரும் வாசல் வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு, காற்றுக்கு மறைவாக நிற்கின்றன. தீவின் உச்சி என்று சொல்லக்கூடிய மேட்டில், கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் மேலே, தேவாலயம். 1470 வாக்கில் கட்டியது. நார்வேயில் எஞ்சியிருக்கும் ஸ்டாவ் எனப்படும் பழைய மரத் தேவாலயங்களில் மிகச் சிறியவற்றில் இது ஒன்று. டிராகன் தலைகளும் அடுக்குக் கூரைகளும் எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வலை போட்டு வைக்கும் கொட்டகை என்றுதான் தோன்றும்.

உள்ளே போனால் வேறு கதை. சுவரெல்லாம் 1621ல் புதுப்பித்தபோது தீட்டிய ஓவியம். நடுவில் கொஞ்ச காலம் மறைந்து கிடந்து, 1930களில் மறுபடி வெளிப்பட்டது. பீடத்தில் மூன்று மரச் சிற்பங்கள் கொண்ட பெட்டகம்: நடுவில் குழந்தையோடு மரியாள், ஒரு பக்கம் கோடரியோடு புனித ஓலாவ், மறுபக்கம் புனித மார்கரெட். பொன்வண்ணம் இன்னும் இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். மரியாளின் முகம் சாமி முகமாக இல்லை, தூக்கம் கெட்ட ஒரு இளம் தாயின் முகமாக இருக்கிறது.

இந்தப் பெட்டகம் இங்கே வந்த கதையும் சுவையானது. 1515ல், பிற்பாடு பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆனவரின் தங்கை இசபெல்லா, டென்மார்க்–நார்வே அரசர் இரண்டாம் கிறிஸ்டியனை மணக்க நெதர்லாந்திலிருந்து கப்பல் ஏறினார். வயது 14. அழைத்துப் போக வந்தவர்களில் நிடாரோஸ் (இன்றைய ட்ரொன்ட்ஹெய்ம்) பேராயர் எரிக் வல்கென்டார்ஃபும் ஒருவர். வழியில் பெரும் புயல். கரை சேர்ந்த நன்றிக்காக நார்வே கடற்கரையின் ஐந்து தேவாலயங்களுக்கு இளவரசி பீடப் பெட்டகங்கள் கொடுத்தார் என்பது மரபுவழிக் கதை. லேகா, ஹாட்செல், ரோஸ்ட், ஓர்ஸ்டா, பிறகு இந்த க்ரிப். ஐந்தும் ஒரே பட்டறைக் கைவேலை என்பது பார்த்தாலே தெரியுமாம். மீதி நான்கையும் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

தேவாலயம் இவர்களுக்குப் பூசை இடம் மட்டும் இல்லை. கடல் ஏறி வரும்போது ஒதுங்க இருந்த ஒரே மேடு அதுதான். 1796 ஜனவரியில் வந்த புயல் கிட்டத்தட்ட 100 வீடுகளை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டி ஆறே வருடத்தில், 1802ல், இன்னொரு புயல். ஆனாலும் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. மீன் வாசலிலேயே இருந்தது. துடுப்பும் பாயும்தான் வசதி என்றிருந்த காலத்தில், மீன் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு கிட்டே தூங்குகிறாயோ அவ்வளவு லாபம். மரம் இல்லை, வயல் இல்லை, குடிக்கக் கூரைத் தண்ணீரைத்தான் பிடித்து வைக்க வேண்டும், அதெல்லாம் இரண்டாம் பட்சம்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்த மீன் இவர்களுக்குச் சொந்தமா என்றால், நெடுங்காலம் இல்லை. 1720களில் டென்மார்க்–நார்வே அரசர் போர்க் கடனை அடைக்கத் தேவாலயங்களை விற்கத் தொடங்கினார். ஆமாம், தேவாலயங்களையே, அவற்றின் நிலபுலன்களோடு. அந்த விற்பனையில் க்ரிப் போய்ச் சேர்ந்தது ஹன்ஸ் ஹோர்னெமன் என்ற ட்ரொன்ட்ஹெய்ம் வணிகரிடம். அதன் பிறகு மீனவர்கள் அவருக்கும் அவருக்குப் பின் வந்த உரிமையாளர்களுக்கும் குடியானவர்கள். நார்வே கடற்கரை முழுக்க இப்படி வேரெய்யர் எனப்படும் மீன்பிடி ஊர் முதலாளிகள் இருந்தார்கள். வீடு நிற்கும் பாறை அவருடையது. பிடித்த மீனை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். மாவும் கயிறும் உப்பும் அவர் கடையில்தான் கடனுக்கு. விலை இரண்டு பக்கமும் அவர் சொல்வது. இதில் மீனவன் எப்போது கடன் தீர்த்து எழுவான் என்று கேட்கவே வேண்டாம்.

அப்படி இருந்த இடத்துக்கு உள்ளாட்சி வந்தது. நார்வேயில் உள்ளாட்சிச் சட்டம் 1837 ஜனவரி 14ல் நிறைவேறியது. நாட்டில் இன்னும் அரசர் ஸ்வீடனில் இருந்துகொண்டு ஆண்ட காலம். ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம், மன்றத்துக்குள்ளிருந்து ஒரு சிறு நிர்வாகக் குழு, அதற்குத் தலைவராக ஊர்த்தலைவர், அதாவது ஓர்ட்ஃபோரர். பள்ளிக்கூடம், ஏழைகளைப் பராமரிப்பது, உள்ளூர் வரி எல்லாம் அவர்கள் பொறுப்பு. க்ரிப் முதலில் பெரிய நிலப்பகுதியோடு சேர்ந்த ஒரு நகராட்சியில்தான் இருந்தது. அந்த மன்றத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மாடும் வயலும் வைத்திருந்த ஆட்களாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அவர்களுக்குக் களஞ்சியக் கவலை, இவர்களுக்கு அலைக் கவலை. 1897ல் க்ரிப்பைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேர் இல்லாத ஊர். குழந்தைகளைக் கழித்தால் பாதி. தொடக்கத்தில் பெண்களுக்கு வாக்கில்லை. உள்ளாட்சியில் ஓரளவு வருமானம் உள்ள பெண்களுக்கு 1901லும், எல்லாப் பெண்களுக்கும் 1910லும்தான் வாக்கு வந்தது. ஆக முதல் மன்றத்துக்கு வாக்களித்தவர்களை ஒரு அறையில் உட்கார வைத்துவிடலாம். அவர்களிலேயே உறுப்பினர்கள் வேண்டும், ஊர்த்தலைவர் வேண்டும், பள்ளிக் குழு வேண்டும், ஏழைகள் நலக் குழு வேண்டும். எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு குழுவில் இல்லாமல் முடியவே முடியாது. வரி போடுபவன், வரி கட்டுபவன், வரிக்கு முறையிடுபவன் மூவரும் ஒரே படகில் துடுப்புப் போடுகிறவர்கள்.

இதைக் கேலியாகப் பேசுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டன் காலத்தில் மீன் விலையைக்கூட வாய்திறந்து கேட்க முடியாதவர்களின் பேரன்கள், நிகழ்ச்சிநிரல் போட்டு, நடவடிக்கைக் குறிப்பேட்டில் கையெழுத்து வைத்து, மாநில ஆளுநருக்குக் கடிதம் எழுதிய காலம் அது. இடையில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் அதுவும் போனது. 1941 முதல் தேர்தல் கிடையாது, மேலிருந்து நியமித்த ஊர்த்தலைவர் ஒருவரே எல்லாம் முடிவு செய்வார் என்று நாடு முழுக்க மாற்றினார்கள். 1945 இலையுதிர்காலத் தேர்தலில்தான் மன்றங்கள் திரும்பி வந்தன.

படகு திரும்ப நேரம் இருந்தது. ஒரு வீட்டுக்கு வெளியே ஒருவர் ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். இங்கே பிறந்தவரா என்று கேட்டேன். "அம்மா இங்கே பிறந்தவள். நான் ஊரில். கோடையில் வருவேன்" என்றார். ஒவ்வொரு வருடமும் அடிப்பீர்களா? "மேற்குப் பக்கம் மட்டும். உப்பு தின்றுவிடும்." பிறகு தூரிகையைக் காட்டி, "நீங்களும் அடிக்கிறீர்களா?" என்றார். இரண்டு கை அடித்தேன். நான் அடித்த இடத்தை அவர் மறுபடி அடித்தார்.

இப்போது வீடுகள் எல்லாம் இப்படித்தான். பழைய குடும்பங்களின் கோடை வீடுகள். குளிர்காலத்தில் இங்கே நிரந்தரமாக யாரும் இல்லை.

ஞாயிறு, ஃப்ரெய்

நேற்றைக்கு நேர் எதிர் இன்று. ஃப்ரெய் என்ற பக்கத்துத் தீவுக்குப் பஸ்ஸில் போனேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் எண்ணி வைத்த மாதிரி வரும், பார்த்துக்கொள்ளுங்கள். இதுவும் முன்னாள் தீவு நகராட்சிதான். 2008 ஜனவரி 1ல் கிறிஸ்டியன்சுண்டோடு இணைந்தது. ஆனால் இது காலியாகவில்லை. அப்போதே 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். வரிசை வரிசையாகப் புது வீடுகள், பள்ளிகள், டிராம்போலின் போட்ட புல்வெளிகள். நகரத்தில் வேலை, இங்கே வீடு. பாலமும் சுரங்கமும் வந்தபின் எல்லை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய நிலை. அதனால் எல்லையையே எடுத்துவிட்டார்கள். பாதை வந்ததால் ஃப்ரெய் கரைந்தது. எந்தக் காலத்திலும் பாதை போட முடியாது என்பதால் க்ரிப் கரைந்தது.

ஃப்ரெய்யில் பார்க்க வேண்டியது ரஸ்டர்கால்வ் என்ற பழைய போர்க்களம். 955 வாக்கில் 'நல்லவர்' என்று பெயர் பெற்ற அரசர் ஹோகோன் தன் அண்ணன் எரிக்கின் மகன்களை இங்கே எதிர்கொண்டார். படை சிறிது. எகில் உல்செர்க் என்ற கிழட்டு வீரர் ஒரு தந்திரம் சொன்னார்: பத்துக் கொடிகளைப் பத்து ஆட்களிடம் கொடுத்து, மேட்டுக்குப் பின்னால் இடைவெளி விட்டு நடக்கச் சொன்னார். கொடி முனைகள் மட்டும் தெரிந்ததில், பெரும்படை சுற்றி வளைக்கிறது என்று எதிரிகள் பயந்து கப்பலை நோக்கி ஓடினார்கள். ஹோகோன் படை வென்றது, ஆனால் எகில் அந்தப் போரிலேயே இறந்தார். கைப்பற்றிய கப்பலில் வைத்து அவரைப் புதைத்தார்கள் என்று அரச சரிதம் சொல்கிறது. அந்த மேடு இன்றும் இருக்கிறது. நின்று பார்த்தால் தந்திரம் பலித்திருக்கும் என்றே தோன்றுகிறது.

திங்கள், ஆவெரொய்

காலையில் கடலடிச் சுரங்கம் வழியாக ஆவெரொய். 2009ல் திறந்தது, கடல் மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே போகிறது, காது அடைக்கும். அங்கிருந்து அட்லாண்டிக் சாலை. 8 பாலங்கள், படம் எடுக்க நிற்கும் கார்கள். அதைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. ஆவெரொய் நகராட்சி பிறந்த தேதி 1964 ஜனவரி 1. ப்ரெம்ஸ்னெஸ், க்வெர்னெஸ், கோர்ன்ஸ்டாட் என்ற மூன்றை ஒன்றாக்கினார்கள். க்ரிப்பைக் கிறிஸ்டியன்சுண்டோடு இணைத்ததும் அதே நாளில்தான். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே குழு. 1946ல் நிக்கொலாய் ஷெய் தலைமையில் அமைத்த நகராட்சிச் சீரமைப்புக் குழு. அப்போது நார்வேயில் 744 நகராட்சிகள். பலவற்றில் பள்ளி நடத்தவே பணம் இல்லை. குழுவின் வேலை முடிந்தபோது எஞ்சியவை 454. தாள் கணக்கில் பார்த்தால் 104 பேர் கொண்ட நகராட்சியை யாராலும் நியாயப்படுத்த முடியாது. நானே அந்தக் குழுவில் இருந்திருந்தால் க்ரிப்பின் பெயரை முதலில் அடித்திருப்பேன்.

ஆனால் பத்தே வருடத்தில், 1974ல், கடைசிக் குடியினரும் கிளம்பிவிட்டார்கள். நகராட்சி போனதால்தான் ஊர் காலியானது என்று சொல்ல மாட்டேன். இயந்திரப் படகு வந்த அன்றே ஊருக்கு நாள் குறித்தாயிற்று. நகரத்தில் படுத்து, விடிகாலையில் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பலாம் என்றால் யார் அலைக்கு நடுவில் பிள்ளை வளர்ப்பார்கள்? ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சொந்த மன்றம் இருந்தவரை, பள்ளியை மூடலாமா என்பதை அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர்களே முடிவு செய்தார்கள். 1964க்குப் பின் அது நகரசபையின் பட்டியலில் கடைசி வரியாக ஆகிவிடும். கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை, வாக்கு எண்ணிக்கை போதும்.

இதற்கு எதிர் உதாரணம் தெற்கே இருக்கிறது. உட்சிரா தீவு, 1924ல் தனி நகராட்சி ஆனது. 1925 தேர்தலில் ஊர் சேர்ந்து பெண்களுக்கே வாக்குப் போட்டு, மன்றத்தில் 12 இடத்தில் 11 பெண்கள். ஊரின் மருத்துவச்சி ஓசா ஹெல்கெசென் நார்வேயின் முதல் பெண் ஊர்த்தலைவர் ஆனார். ஷெய் குழுவையும் தாண்டி, 2020ல் நகராட்சிகளை 356 ஆகக் குறைத்த அடுத்த இணைப்பு அலையையும் தாண்டி, சுமார் 200 பேரோடு உட்சிரா இன்னும் தனி நகராட்சியாகவே இருக்கிறது. இணைத்ததைப் பிரித்ததும் உண்டு. இதே மாவட்டத்தில் ஆலெசுண்டோடு சேர்த்த ஹாராம், மக்கள் விடாமல் கேட்டு, 2024ல் தனியாக வந்துவிட்டது. ஆக 357.

மதியம் க்வெர்னெஸ் ஸ்டாவ் தேவாலயம். 1630களில் கட்டியது, இந்த வகையில் கடைசியாகக் கட்டியவற்றில் ஒன்று. மழை பிடித்துக்கொண்டதால் சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

க்ரிப் போக நினைப்பவர்களுக்கு: படகு கோடையில் மட்டும்தான், போக முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உபரியாக வைக்காமல் போகாதீர்கள், கடல் சம்மதிக்காவிட்டால் முழுப் பயணமும் வீண். ஜூலையிலும் காற்றுத் தடுக்கும் சட்டை வேண்டும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கரையிலேயே போட்டுவிடுங்கள். படகில் ஏறியபின் போட்டால் பயனில்லை என்று அந்த ஜெர்மன் குடும்பத்தைக் கேட்டால் சொல்வார்கள். நாளை காலை பஸ்.